ரெகெக்ஸா, சொந்த பார்ஸரா: 'மா'வில் இடறிய கதை

மன்னார்குடிப் பக்கம் விதைநெல் விற்கும் மாமாவுக்காகப் பைத்தானில் எழுதிய சின்ன நிரல் இது. "குறுவை 1 வேலி 5 மா 40 குழி" என்று வாட்ஸ்அப்பில் வரும். மூன்றும் நில அளவு: 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. ஆக 2540 குழி என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

இதற்கு இரண்டு வழி. எழுத்துகளின் அமைப்பைச் சொல்லித் தேடும் ரெகெக்ஸ் என்றால் ஒரு வரி. செய்தியைத் துண்டு துண்டாகப் பிரித்துப் படிக்கும் சொந்த பார்ஸருக்கு ஒரு சாயங்காலம் போகும். வேகத்தைப் பேச வேண்டியதே இல்லை, நாளைக்கு ஐம்பது செய்திதான்.

முதலில் ரெகெக்ஸ்தான் போட்டேன். "2 மாப்பிள்ளைச் சம்பா மூட்டை" என்று ஒருவர் அனுப்பினார். நிரல் அவருக்கு 2 மா நிலம் எழுதிவிட்டது. சரி, சொல் அங்கே முடிய வேண்டும் என்று எல்லைக்குறியான பேக்ஸ்லாஷ்-பி சேர்த்தேன். இன்னும் மோசம். சொல்லெழுத்தும் அல்லாததும் சந்திக்கும் இடம்தான் அதற்கு எல்லை. ஆனால் பைத்தானோடு வரும் ரெகெக்ஸ் கருவியான ரீ மாட்யூலுக்குத் துணைக்கால், கொம்பு, புள்ளி எதுவும் சொல்லெழுத்தே இல்லை. 'மா'வில் ம மட்டும்தான் கணக்கு. அதனால் 'மா'வுக்குப் பின் இடைவெளி வந்தால் எல்லை இல்லை என்கிறது. 'ப்பிள்ளை' ஒட்டி வந்தால் இருக்கிறது என்கிறது. கேட்டதற்கு நேர் தலைகீழ்!

அப்புறம்தான் பார்ஸர். செய்தியை எண்ணாகவும் சொல்லாகவும் பிரிக்க ஒரு ஃபங்ஷன், அளவை அறிய ஒன்று, ரகத்தை அறிய ஒன்று. மூன்றையும் தனித்தனியே டெஸ்ட் செய்யலாம் என்பதற்காகவே இதன் பக்கம் சாய்ந்தேன். ரெகெக்ஸ் பொருந்தாவிட்டால் 'நன்' (ஒன்றுமில்லை) என்று கையை விரித்துவிடும். பார்ஸரோ நாலாவது சொல் புரியவில்லை என்று சொல்லும். அந்தச் செய்தியை அப்படியே, டெஸ்டுகளை ஓட்டும் பைடெஸ்ட் பட்டியலில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுவேன். 'பொன்னி' அப்படித்தான் அகப்பட்டது: சிலர் போனில் 'பொ' இரண்டு குறியீடாக வருகிறது, சிலருக்கு மூன்றாக. கண்ணுக்கு ஒன்று, ஒப்பிட்டால் வேறு. உள்ளே வரும்போதே, பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி என்ற யூனிகோட் வடிவத்துக்கு மாற்றியதும் தீர்ந்தது.

கன்னாபின்னா ஸ்ட்ரிங்குகளைத் தானே உருவாக்கிச் சோதிக்கும் ஹைப்பாதிஸிஸை இரண்டு வாரம்தான் ஓட்டிப் பார்த்தேன். அடித்துச் சொல்ல அது போதாது. தமிழ்க் குறிகளைச் சரியாக எண்ணும் 'ரெஜெக்ஸ்' என்ற தனி மாட்யூலும் உண்டு. முதலிலேயே அதை எடுத்திருந்தால் 'மா' தொல்லை வந்திருக்காது, 'பொன்னி' தொல்லை வந்திருக்கும்.

போன் நம்பருக்கு மட்டும் பழைய ரெகெக்ஸ் வரி இன்னும் இருக்கிறது. கலம், மரக்கால் கணக்கும் வேண்டுமென்று மாமா இப்போது கேட்கிறார்.