தேயிலைத் தொழிற்சாலைக்கு மாற்ற மேலாண்மை ஆலோசனை: நான்கு மாதச் சேவையைப் பற்றிய மதிப்புரை

கோத்தகிரி வட்டாரத்தில், சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கித் தூள் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் நான் அலுவலக மேலாளராக இருக்கிறேன். இலைக் கொள்முதல் கணக்கைக் கையெழுத்து ஏட்டிலிருந்து மின் தராசுக்கும் கைபேசிச் செயலிக்கும் மாற்றுவதென்று எங்கள் பங்குதாரர்கள் சென்ற ஆண்டு முடிவு செய்தபோது, அதை நடத்திக் கொடுக்கக் கோயம்புத்தூரிலிருந்து ஓர் ஆலோசனை நிறுவனத்தை அமர்த்தினோம். தராசும் செயலியும் வேறிடத்தில் வாங்கியவை. இவர்கள் செய்ய வேண்டியது, ஜூன் முதல் செப்டம்பர் வரை எங்கள் ஆட்களைப் பழைய முறையிலிருந்து புதிய முறைக்குக் கொண்டுசேர்ப்பது மட்டுமே. இப்படியொரு வேலைக்குப் பணம் கொடுக்கலாமா என்று குன்னூர், மஞ்சூர்ப் பக்கத்து நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் இதை எழுதுகிறேன்.

முதல் கூட்டத்திலேயே எனக்கு அவர்கள்மீது மதிப்பு வந்தது. செயலியைக் காட்டுவதற்கு முன், மாற வேண்டிய தேவை என்ன என்று பங்குதாரர் முதல் இலை இறக்குபவர் வரை ஒவ்வொருவரிடமும் கேட்டார்கள். வெளிக்காரணங்கள் எல்லோரும் அறிந்தவையே: 1991-இல் சோவியத் ஒன்றியம் சிதறியபின் நீலகிரித் தூளுக்கு இருந்த பெரிய சந்தை தளர்ந்தது, குன்னூர் ஏலத்தில் விலை இறங்கினால் அது இலை விலையையும் இழுத்துக்கொண்டு போகிறது, தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவிக்கும் குறைந்தபட்ச இலை விலையை விவசாயிக்குக் கொடுத்ததற்குத் தெளிவான கணக்கு வேண்டும். உள்காரணங்களை நாங்கள் அதுவரை வாய்விட்டுப் பேசியதே இல்லை. மாதக் கணக்கை முடிக்க எனக்கு நான்கு நாள் ஆகிறது என்பதும், முப்பது ஆண்டுகளாக ஏடு எழுதிவரும் எங்கள் கொள்முதல் எழுத்தர் ஓய்வுபெற்றால் அந்த ஏட்டைப் படித்துச் சொல்லக்கூட ஆளில்லை என்பதும் அன்றுதான் வெளியே வந்தன.

அன்று எங்கள் பேக்கிங் மேற்பார்வையாளர் ஊட்டியின் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸை நினைவுபடுத்தினார். அவருடைய தந்தை அங்கே வேலை பார்த்தவர். 1960-இல் தொடங்கப்பட்டு, கறுப்பு வெள்ளைப் படச்சுருளும் எக்ஸ்ரே படச்சுருளும் தயாரித்து, இந்து நகர் என்ற குடியிருப்பையே உருவாக்கிய அந்த நிறுவனத்தை மூட 2014-இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. கடனும் இறக்குமதிப் போட்டியும் டிஜிட்டல் படக்கருவியும் சேர்ந்து அதை வீழ்த்தின. அவர் பேசி முடித்தபின் மாற்றம் தேவையா என்று யாரும் கேட்கவில்லை. எப்படி மாறுவது என்பதே பேச்சாயிற்று.

இதற்கு ஆலோசகர்கள் எடுத்துக்கொண்ட அடிப்படை, கர்ட் லூவின் என்ற உளவியலாளர் 1940-களில் முன்வைத்த கருத்து. ஒரு நிறுவனத்தை முன்னே உந்தும் விசைகளும் பின்னே இழுக்கும் விசைகளும் சமமாக நிற்பதால்தான் அது இருந்த இடத்திலேயே இருக்கிறது. உந்துதலை மட்டும் கூட்டினால் இறுக்கம் கூடும், தடையை நீக்கினால் தானே நகரும் என்பது அதன் சாரம். இளக்குதல், நகர்த்துதல், மீண்டும் உறையச் செய்தல் என்று மூன்று கட்டங்களையும் அவர் சொல்லியிருக்கிறார். இதைக் கேட்ட, பச்சை இலையின் ஈரத்தைக் குறைக்கும் எங்கள் வாட்டுதல் பிரிவின் தொழிலாளி ஒருவர், ஜனவரிப் பனி பிடித்த செடியின்மேல் சட்டென்று வெயில் விழுந்தால்தான் இலை கருகும், மெல்ல இளகினால் பிழைத்துக்கொள்ளும் என்றார். ஆலோசகர் அதைத் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, நான்கு மாதமும் அந்த உவமையையே பயன்படுத்தினார்.

தடை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்த விதம்தான் இந்தச் சேவையின் சிறப்பு. செயலி பழகுவது வயதானவர்களுக்குக் கடினம் என்பதுதான் தடை என்று நான் நினைத்திருந்தேன். ஆலோசகரோ மூன்று மாலைகள் இலைக் கொள்முதல் கொட்டகையில் ஒரு மூங்கில் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, இலை கொண்டுவந்தவர்களைக் கவனித்தார். எழுத்தர் எடையை ஏட்டில் எழுதி, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, அதே எடையைத் துண்டுச்சீட்டிலும் எழுதிக் கொடுப்பார். பெண்கள் அதை மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்ட பிறகுதான் சாக்கை விட்டு நகர்வார்கள். எடை குறுஞ்செய்தியாக வரும் என்றோம். ஆனால் பல வீடுகளில் கைபேசி மகனிடமோ கணவரிடமோ இருக்கிறது. அந்தச் சீட்டு போய்விடும் என்பதே அவர்களுடைய அச்சம். கையடக்க அச்சுக்கருவி ஒன்றை வாங்கிச் சீட்டைத் தொடர்ந்து கொடுத்ததோடு, இரண்டு மாதங்களுக்கு ஏட்டையும் செயலியையும் சேர்த்தே நடத்தினோம். எதிர்ப்பு பெருமளவு அடங்கிவிட்டது.

பாதிக்கப்படுபவர்களையே திட்டமிடச் சேர்க்க வேண்டும் என்பதற்கு அவர்கள் காட்டிய சான்று, அமெரிக்காவின் வர்ஜீனியாவில் இரவு உடை தைக்கும் ஒரு தொழிற்சாலையில் நடத்தப்பட்டு 1948-இல் வெளியான ஆய்வு. மாற்றத்தை அறிவிப்பாக மட்டும் கேட்ட குழுவில் 40 நாட்களுக்குள் 17 விழுக்காட்டினர் வேலையை விட்டார்கள்; எல்லோரும் சேர்ந்து திட்டமிட்ட குழுக்களில் ஒருவரும் விலகவில்லை, உற்பத்தியும் பழைய அளவைத் தாண்டியது. அதைப் பின்பற்றி, சீட்டில் என்னென்ன அச்சாக வேண்டும் என்பதை எங்கள் எழுத்தரே முடிவு செய்தார். அதுவரை விலகியே நின்ற அவர் அன்று முதல் தாமே செயலியைப் பிறருக்குக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். பயிற்சிக் கையேடு புரியாத தமிழில் இருந்தது. நானே திருத்தி எழுதினேன். இலை ஏஜென்ட்டுகளை ஒரு கூட்டத்துக்கும் அழைக்கவில்லை. தொலைவான ஊர்களின் இலை அவர்கள் வழியாகத்தான் வருகிறது என்பதால் இது சிறிய விடுபடல் அன்று.

எல்லாவற்றிலும் பெரிய குறை அக்டோபரில் தெரிந்தது. செப்டம்பர் இறுதியில் நிறைவு அறிக்கை கொடுத்து, புகைப்படம் எடுத்துக்கொண்டு அவர்கள் கிளம்பிவிட்டார்கள். கோத்தகிரிக்குப் பெருமழை வடகிழக்குப் பருவத்தில்தான். நனைந்த இலைக்கு எடையில் தண்ணீர் கழிக்க வேண்டும். எழுத்தர் முன்பு சாக்கினுள் கைவிட்டு ஒரு பிடி இலையை எடுத்துப் பிழிந்து, விரலிடுக்கில் வழியும் நீரை எல்லோரும் பார்க்கும்படி காட்டிவிட்டு, "ரெண்டு கிலோ கழிச்சுக்கிறேன் அக்கா" என்பார். செயலியோ எல்லாச் சாக்குக்கும் ஒரே விகிதத்தில் கழித்தது. தார்ப்பாய் போட்டு மூடிக் கொண்டுவந்தவருக்கும் நனையவிட்டவருக்கும் ஒரே கழிவு என்றால் யார்தான் பொறுப்பார்கள்? பத்து நாட்களில் சில விவசாயிகள் வேறு தொழிற்சாலைக்கு இலை கொடுக்கத் தொடங்கினார்கள். ஆலோசகரைத் தொலைபேசியில் அழைத்தபோது ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டதென்று மரியாதையாகவே சொன்னார். வெற்றியை முன்கூட்டியே அறிவித்துவிடுவது, மாற முயலும் நிறுவனங்கள் செய்பவை என்று மேலாண்மைப் பேராசிரியர் ஜான் காட்டர் 1995-இல் பட்டியலிட்ட எட்டுப் பிழைகளில் ஒன்று. அந்தப் பட்டியலை எங்களுக்கு வகுப்பில் விளக்கியவர்களும் இவர்களே என்பதால் எனக்கு வருத்தம் அதிகம். கழிவை எழுத்தர் கையால் பதியும்படி செயலியை மாற்றச் செய்து, விவசாயிகளை வீடு தேடிச் சென்று அழைத்து வந்தோம்.

இத்தனைக்குப் பிறகும், மாதக் கணக்கு இப்போது ஒரே நாளில் முடிகிறது. எடைத் தகராறு வெகுவாகக் குறைந்திருக்கிறது. கொடுத்த கட்டணம் வீண் என்று நான் சொல்லமாட்டேன். ஆர்த்தடாக்ஸ் தூளுக்கு (இலையை உருட்டிப் பழைய முறையில் தயாரிக்கும் தேயிலை) தனி வரிசை அமைக்கும்போது இவர்களையே மீண்டும் அழைக்கலாம் என்று பங்குதாரர்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் ஒப்பந்தம் ஒரு மழைக்காலத்தை முழுதாக உள்ளடக்க வேண்டும், ஏஜென்ட்டுகள் முதல் கூட்டத்திலேயே இருக்க வேண்டும், கட்டணத்தின் கடைசித் தவணை வேலை முடிந்து ஆறு மாதம் கழித்தே தரப்படும் என்ற மூன்று நிபந்தனைகளையும் அதில் சேர்த்திருக்கிறேன்.