இரண்டாண்டு குற்றவியல் நீதிப் பட்டமா? கையெழுத்திடும் முன் இதைப் படியுங்கள்

அமெரிக்காவில், குறிப்பாக மினசோட்டாவில், பிள்ளைகளை வளர்க்கும் தமிழ்ப் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். போலீஸ் அதிகாரியாக வேண்டும் என்ற ஆசையில் என் அக்கா மகன் ஒரு தனியார் கல்லூரியில் இரண்டாண்டு குற்றவியல் நீதிப் படிப்பை முடித்தான். பட்டம் கையில் இருக்கிறது, கடன் தலைமேல் இருக்கிறது. போலீஸ் உரிமத் தேர்வு எழுதும் தகுதி மட்டும் அவனுக்குக் கிடைக்கவில்லை.

மினசோட்டாவில் போலீஸ் அதிகாரிக்கு மாநில உரிமம் கட்டாயம். அதைக் கொடுப்பது போஸ்ட் வாரியம் (POST Board) என்ற மாநில அமைப்பு. புதிதாக வருபவருக்கு வழக்கமான வழி, குறைந்தது இரண்டாண்டுப் பட்டமும், அந்த வாரியம் ஏற்றுக்கொண்ட கல்லூரியில் போலீஸ் கல்வித் திட்டமும் முடித்திருப்பது. எங்கள் பையன் படித்த கல்லூரி அந்தப் பட்டியலிலேயே இல்லை.

இது கல்லூரிக்காரர்களுக்குத் தெரியாததா? சேர்க்கை ஆலோசகர் என்று சொல்லிக்கொண்டு ஒரு பெண் ஓயாமல் அழைத்தார். போலீஸ், நன்னடத்தை அலுவலர், எஃப்.பி.ஐ. என்று வேலைகளை அடுக்கினார். எஃப்.பி.ஐ. சிறப்பு முகவராக நான்காண்டுப் பட்டம் வேண்டும். மினசோட்டாவில் நன்னடத்தை அலுவலர் பணிக்கும் அதையே கேட்கிறார்கள். "இந்தப் படிப்பு உரிமத் தேர்வுக்குச் செல்லும் என்று மின்னஞ்சலில் எழுதி அனுப்புங்கள்" என்று அக்கா கேட்டார். "நிச்சயம் செல்லும், கவலை வேண்டாம்" என்று தொலைபேசியில்தான் பதில் வந்தது. எழுத்தில் ஒரு வரிகூட வரவில்லை. மாறாக, அன்று மாலைக்குள் கையெழுத்திடாவிட்டால் இடம் போய்விடும் என்று அவசரப்படுத்தி, ஒப்பந்தத்தைப் பையனின் கைபேசிக்கே அனுப்பிவிட்டார்கள். அதன் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது இதுதான்: இங்கே பெறும் கிரெடிட்டுகளை, அதாவது பாட அலகுகளை, ஏற்பது மற்றக் கல்லூரிகளின் விருப்பம், எந்த அரசு உரிமத்துக்கும் உத்தரவாதம் இல்லை. பத்தொன்பது வயதுப் பிள்ளை, அதுவும் கைபேசித் திரையில், இதைப் படிப்பான் என்று யார்தான் எதிர்பார்ப்பார்கள்?

சரி, வேறு கல்லூரிக்கு மாறிக்கொள்ளலாம் என்று பார்த்தால் அதற்கும் வழியில்லை. இரண்டாண்டுப் பட்டத்துக்குப் பொதுவாக 60 கிரெடிட். அவன் சேர்த்து வைத்ததில் பெரும்பகுதியை அரசுக் கல்லூரி ஏற்க மறுத்துவிட்டது. இதைவிட வயிறெரிகிற விஷயம் பெல் உதவித்தொகை. வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மத்திய அரசு கொடுக்கும் இந்தப் பணம், வாழ்நாளில் ஏறக்குறைய 12 பருவங்களுக்குத்தான். அங்கே படித்த பருவங்களும் அந்தக் கணக்கில் கழிந்துவிட்டன.

இது புதிய ஏமாற்றும் அல்ல. இதே மாநிலத்தில் குளோப் பல்கலைக்கழகம், மினசோட்டா வணிகப் பள்ளி என்ற இரண்டு நிறுவனங்கள்மீது மாநிலத் தலைமை வழக்கறிஞர் 2014-இல் வழக்குத் தொடர்ந்தார். குற்றவியல் நீதிப் படிப்பைப் போலீஸ், நன்னடத்தை அலுவலர் வேலைகளுக்கு வழி என்று காட்டி மாணவர்களை ஏமாற்றியதாக 2016-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இலினாயில் வெஸ்ட்வுட் கல்லூரியின் குற்றவியல் நீதிப் படிப்பும் 2012-இல் இப்படித்தான் வழக்குக்குப் போனது. இவ்வளவுக்குப் பிறகும் அதே பேச்சு அதே குரலில் விற்கப்படுகிறது.

ஆகவே கல்லூரிக்காரர்களிடம் கேட்டு நிற்காதீர்கள். போஸ்ட் வாரியத்தின் பட்டியலில் கல்லூரியின் பெயர் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். பிள்ளை பின்னால் சேர விரும்பும் நான்காண்டுப் பல்கலைக்கழகத்தை அழைத்து, எந்தெந்தப் பாடங்களை ஏற்பார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். செய்முறைப் பட்டம் (Associate of Applied Science) என்று இரண்டாண்டுப் பட்டத்தில் தனியாக ஒன்று உண்டு. அதன் பாடங்களைப் பல நான்காண்டுக் கல்லூரிகள் ஏற்பதில்லை, அதையும் விசாரியுங்கள். வீட்டுக்குப் பக்கத்துச் சமுதாயக் கல்லூரியில் கட்டணம் எவ்வளவு என்று பார்த்துவிட்டுத் தனியார் கல்லூரியின் தாளை எடுங்கள். மற்ற மாநிலங்களில் விதிகள் வேறு. குடியுரிமை கேட்கும் காவல் துறைகளும் பல. கிரீன் கார்டு மட்டும் உள்ள பிள்ளைகள் அதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஏற்கெனவே சிக்கியவர்கள் மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். கல்லூரி பொய் சொல்லிச் சேர்த்தது என்று காட்டி, மத்திய அரசின் கல்விக் கடனைத் தள்ளுபடி செய்யக் கோரி மத்தியக் கல்வித் துறைக்கும் விண்ணப்பிக்கலாம். நாங்கள் இரண்டையும் செய்திருக்கிறோம், பதில் இன்னும் வரவில்லை. விளம்பரத்தின் படம், அழைப்புப் பட்டியல், ஒப்பந்தம் எதையும் அழித்துவிடாதீர்கள். புகாரோடு அவற்றைத்தான் கேட்டார்கள்.