கேரம் ரூம் கரும்பலகையும் சிகரெட்டை விட்ட 14 மாதமும்

கொருக்குப்பேட்டையில் இருக்கும் பழைய கூட்டாளி ஒருவர் நேற்று போனில் கேட்டார்: “நிக்கோட்டின் சூயிங்கம் வாங்கி மென்னா போதாதா? நாலு பேரோட சேர்ந்து எதுக்கு சிகரெட்ட விடணும்?” பதில் சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே கோபம் வந்துவிட்டது. அந்தக் கோபம் எங்கள் ரூம் சுவரில் தொங்கும் கரும்பலகை மேல். அதனால் எல்லாவற்றையும் எழுதியே விடுகிறேன்.

சிகரெட் கெடுதல் என்பது ஊருக்கே தெரியும், அதை விடுங்கள். நான் 19 வருடம் குடித்தவன். மணலியில் கன்டெய்னர் யார்டு வேலை. பாதி ராத்திரி, துறைமுகத்துக்குள் வண்டிகள் நுழையும் ஜீரோ கேட் வரிசையில் டிரெய்லர்களோடுதான் போகும். போன வருடம் ஏப்ரல் 15 அன்று விட்டேன். அந்தத் தேதியைக் குறித்தவன் காசிமேட்டுத் தம்பி. அன்றைக்குத்தான் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும். “61 நாள் கரையிலதான்ணா இருப்பேன். இதுல உட்டாத்தான் உண்டு” என்றான். தண்டையார்பேட்டையில் நாங்கள் கேரம் ஆடும் ரூமில் ஐந்து பேர் சேர்ந்தோம். தம்பி, நான், லாரி ஓட்டும் அண்ணன், ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர், அப்புறம் இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்த நாளிலிருந்து ஒன்பது வருடமாகச் சிகரெட்டைத் தொடாத பெரியவர் ஒருவர்.

வைத்துக்கொண்டது இரண்டே சட்டம். பற்றவைப்பதற்கு முன் ஐவரில் ஒருவருக்குப் போன் போட வேண்டும். குடிக்காத நாட்களைப் பலகையில் சாக்பீஸால் எழுத வேண்டும், குடித்துவிட்டால் அழித்துவிட்டு சைபர் போட வேண்டும்.

முதல் சட்டத்துக்கு நான் காலத்துக்கும் கடமைப்பட்டவன். மூன்றாம் நாள் ராத்திரி 2.40 மணி. வரிசை ஒரு மணி நேரமாக நகரவில்லை. நிக்கோட்டின் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை உடம்பில் பாதியாகக் குறைந்துகொண்டே வரும். இரண்டு மூன்று நாளில் அனேகமாகத் துடைத்துவிட்டதுபோல் போய்விடும். அதனால்தான் அந்த இரண்டாம், மூன்றாம் நாள் ஆளைக் கொல்கிறது. தலை கனத்தது. கிளீனர் பையன் ஏதோ கேட்டதற்கு எரிந்து விழுந்தேன். பொட்டிக்கடையில் சில்லறையாக ஒன்று வாங்கி, விரல் நடுவில் வைத்தபடியே லாரி அண்ணனுக்குப் போன் போட்டேன்.

தூக்கத்திலிருந்து எழுந்தவர், “எங்க நிக்கிற?” என்று மட்டும்தான் கேட்டார். சிகரெட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அன்றைக்கு அவர் வைத்த நெத்திலிக் குழம்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். “மாங்காவ மொதல்லயே போட்றாத, கரைஞ்சி கூழாயிடும். மீனப் போடறதுக்குக் கொஞ்சம் முன்னாடி போடு. மீன் போட்டப்புறம் கரண்டியே விடாத, சட்டியப் புடிச்சி ஒரு சுத்து சுத்து, போதும்.” புளி எவ்வளவு, எண்ணெய் எப்போது பிரியும் என்று ஏழு நிமிடம் போயிற்று. முன்னால் நின்ற வண்டி நகர்ந்தபோது கையைப் பார்த்தேன். வியர்வையில் காகிதம் ஊறி, சிகரெட் நடுவில் கிழிந்து, தூள் உள்ளங்கையில் ஒட்டியிருந்தது. தட்டிவிட்டுவிட்டு வண்டியோடு நடந்தேன்.

இதைத்தான் நண்பருக்குப் புரியவைக்கப் பார்த்தேன். அந்த வெறி ஒவ்வொரு தடவையும் சில நிமிடம்தான் இருக்கும். அந்தச் சில நிமிடத்தைத் தாண்டவைக்கத்தான் ஆள் வேண்டும். சிகரெட் பாக்கெட்டிலேயே 1800-11-2356 என்று கட்டணமில்லாத உதவி எண் அச்சடித்திருக்கிறார்கள், பகலில் நானும் கூப்பிட்டிருக்கிறேன், பொறுமையாகப் பேசினார்கள். ராத்திரி 2.40-க்கு எழுந்து குழம்பைப் பற்றிப் பேச லாரி அண்ணன்தான் வர வேண்டும்.

சூயிங்கத்தையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதையுமே ஆள் சொல்லித்தான் கற்றுக்கொண்டேன். 2 மில்லிகிராம் வாங்கி மிட்டாய் மாதிரி விடாமல் மென்றேன். விக்கல் வந்தது, தொண்டை எரிந்தது. எங்கள் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர்தான் திருத்தினார்: சுரீரென்று வரும்வரை மெல்ல வேண்டும், வந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைக்க வேண்டும், அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். அப்படியே அரை மணி நேரம். மருந்து கன்னத்தின் உள்தோல் வழியாகத்தான் ஏறும், எச்சிலோடு விழுங்கினால் வயிற்றுக்குப் போய் விக்கல்தான் மிச்சம். டீ, காபி குடித்த கால் மணி நேரத்துக்குள் வாயில் போடவும் கூடாது.

டீ விஷயம் எனக்குப் பெரிய ஆச்சரியம். ஐந்தாம் நாளிலிருந்து படபடப்பு, தூக்கமே இல்லை. எல்லாம் சிகரெட் இல்லாததால் என்று நினைத்தேன். பெரியவர், “எத்தனை டீ குடிக்கிற? பாதியாக்கு” என்றார். சிகரெட் புகை கல்லீரலை முடுக்கிவிட்டு, காபி, டீயில் உள்ள கஃபீனை வேகமாகக் கரைக்கவைக்கிறதாம். புகை நின்றதும் அந்த வேகம் போய்விடுகிறது, அதே ஆறு டீ உடம்பில் ரொம்ப நேரம் தங்குகிறது. மூன்றாகக் குறைத்தேன். இரண்டு நாளில் தூக்கம் வந்தது.

இனி பலகை.

11-ஆம் நாள் வண்ணாரப்பேட்டையில் ஒரு சாவு. சின்ன வயதுச் சிநேகிதனின் அப்பா. பந்தலுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலி, மோளச் சத்தம், தட்டில் டீயும் சிகரெட்டும் சுற்றி வந்தது. எடுத்துவிட்டேன். இரண்டு. அந்தச் சத்தத்தில் யாருக்குப் போன் போடுவது? மறுநாள் ரூமுக்குப் போய் நானே சொன்னேன். பெரியவர் என் பெயருக்கு எதிரே இருந்த 10-ஐ ஈரத்துணியால் துடைத்து 0 எழுதினார். அந்தத் துணி பலகையில் போன சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அந்தப் பத்து நாளும் நான் குடிக்காதது குடிக்காததுதானே? ஒரே மூச்சில் விட்டவர்கள் குறைவு, பெரும்பாலானவர்கள் விழுந்து எழுந்துதான் விடுகிறார்கள். பெரியவருக்கும் அது தெரியும். தெரிந்துமா துடைப்பது?

எனக்காவது வாய் இருந்தது. தம்பிக்கு நடந்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. ஜூன் 14 அன்று அவன் பெயருக்கு எதிரே 61 எழுதி எல்லாருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தான். அப்புறம் கடலுக்குப் போனான். படகில் கூட வருகிற எல்லாரும் குடிப்பவர்கள். கரை மறைந்த கொஞ்ச நேரத்தில் சிக்னல் போய்விடும், யாருக்குப் போன் போடுவான்? குடித்துவிட்டான். கரைக்கு வந்தவன் சொல்லவில்லை. பலகையில் 70, 80 என்று ஏறிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு எண்ணையும் அவன் கையாலேயே எழுதினான். ஆடி மாதம் ரூமுக்கு வருவதையே நிறுத்திவிட்டான். வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: “எப்டிண்ணா சைபர் போடச் சொல்லுவேன்? பிரியாணி வேற வாங்கிக் குடுத்துட்டேன்.”

பெரியவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. அவருக்குப் பிடிமானமாக இருந்ததே ஒரு தினசரி காலண்டர்தான். கிழித்த தாளைக்கூட அடுக்கி வைத்திருக்கிறார். “சைபருக்குப் பயந்துதான் நான் உசுரோட இருக்கேன்” என்பார். கடைக்காரருக்கும் அதுவே கைகொடுத்தது, ஏறுகிற எண் போய்விடக் கூடாதே என்றுதான் விடியற்காலைகளைத் தாண்டினேன் என்கிறார். எனக்கும் முதல் மூன்று நாள் 1, 2, 3 என்று எழுதியதில் ஒரு தெம்பு வந்தது, மறைக்கவில்லை. குடிக்காத நாளின் மொத்தத்தையும் பக்கத்தில் எழுதலாம் என்று மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் மறுத்துவிட்டார்.

இன்று ஜூன் 15. பலகையில் என் எண் 415. என் கணக்கில் 425. மாடி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை, காலை இருமல் நின்றுவிட்டது. அந்த நாலு பேர் இல்லாமல் இது நடந்திருக்காது. அப்படியிருந்தும் நண்பருக்கு நான் சொன்னது: எங்கள் ரூமுக்கு வராதே. அந்தப் பலகை தொங்குகிறவரை யாரையும் அங்கே கூட்டிவர எனக்கு மனசில்லை. என் நம்பர் இருக்கிறது, ராத்திரி எத்தனை மணிக்கு வேண்டுமானாலும் போடு.

தம்பி இந்தத் தடைக்காலத்தில் மறுபடி விட்டிருக்கிறான். பலகையில் பெயர் இல்லை, எண்ணும் இல்லை, எனக்கும் அவனுக்கும் மட்டும் தெரியும். நேற்று ராத்திரி தடை முடிந்து படகுகள் கிளம்பின. 12 மணி தாண்டிப் போன் வந்தது. என்ஜின் சத்தத்துக்கு நடுவில், “சூயிங்கம் ரெண்டு டப்பா எடுத்துக்கினேண்ணா, பாக்கெட் வாங்கல” என்றான். கடலில் என்ன சமைப்பீர்கள் என்று கேட்டேன். சொல்ல ஆரம்பித்தான். மிளகாய் அரைப்பதுவரை கேட்டது, அப்புறம் சிக்னல் போய்விட்டது.