ஃபிக்மா பிளகினில் எதை உருவாக்குவது: ஃபிரேமா, குரூப்பா?

ஃபிக்மா என்ற வடிவமைப்புச் செயலிக்கு பிளகின் (கூடுதல் வசதி தரும் சிறு நிரல்) எழுதும்போது பல பொருள்களை ஒன்றாக வைக்க ஃபிரேம், குரூப் என இரண்டு வழிகள் உண்டு. வெளியே ஒன்றுபோலத் தெரிந்தாலும் உள்ளே முற்றிலும் வேறு.

கிரியேட்ஃபிரேம் கட்டளை 100×100 அளவில், வெள்ளை நிரப்போடு வெற்றுப் பெட்டி தரும். வெள்ளை வேண்டாமென்றால் நிரப்பைக் குறிக்கும் ஃபில்ஸ் பண்புக்கு வெற்று அணியை (array) கொடுங்கள். பலர் மறப்பது இதைத்தான். குரூப்புக்கோ வெறுமையாக இருக்கவே முடியாது. குறைந்தது ஒரு பொருளாவது கொடுக்காவிட்டால் பிழை வரும். கடைசிப் பொருளை வெளியே எடுத்தால் குரூப்பும் மறைந்துவிடும். அதன்பின் அந்தக் குரூப்பைக் குறிக்கும் மாறியைத் தொட்டால் நிரல் நிற்கும்.

அடுத்தது இடக்கணக்கு. ஃபிரேமுக்குள் எக்ஸ், ஒய் மதிப்புகள் அந்த ஃபிரேமின் மூலையிலிருந்து தொடங்கும். குரூப்புக்குள் அப்படியில்லை, அதைச் சுற்றியுள்ள ஃபிரேமிலிருந்தே எண்ணப்படும். 'ஏன் பட்டன் எங்கோ போய் விழுந்தது?' என்ற குழப்பத்துக்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

உள்ளே இருப்பவற்றைத் தானாக அடுக்கும் ஆட்டோ லேஅவுட் இந்த இரண்டில் ஃபிரேமுக்கு மட்டுமே. லேஅவுட்மோட் (அடுக்கும் திசை) 'வெர்டிகல்', ஐட்டம்ஸ்பேசிங் (பொருள்களின் இடைவெளி) 8, நான்கு பக்கமும் பேடிங் (உள் ஓர இடைவெளி) 16 என வைத்தாலே பட்டியல் தானாக அடுக்கிக்கொள்ளும். வரிசை முக்கியம்: முதலில் அப்பெண்ட்சைல்ட் கட்டளையால் பொருளை ஃபிரேமுக்குள் சேர்த்து, பிறகே அதன் அகலத்தை 'ஃபில்' (இடத்தை நிறைப்பது) ஆக்க வேண்டும். மாற்றிச் செய்தால் பிழை. லேஅவுட்மோடை மீண்டும் 'நன்' (NONE, எதுவுமில்லை) ஆக்கினாலும் பழைய இடங்கள் திரும்பாது.

ஐகானின் கோடுகளைச் சேர்த்து நகர்த்த குரூப் போதும். திரை, கார்டு, பட்டியல் எல்லாவற்றுக்கும் ஃபிரேம்தான்.