எலீஸுக்குத் தடித்த ஆன்டி ரோல் பார் தேவையா?

லோட்டஸ் எலீஸ் முதல் தலைமுறை, 1996-இல் வந்த வண்டி. எடை சுமார் 725 கிலோதான். தொழிற்சாலை முன்பக்கம் மட்டும் ஒரு மெல்லிய ஆன்டி ரோல் பார் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்க, இடது வலது சஸ்பென்ஷனை இணைக்கும் கம்பி) தந்தது, பின்னால் கிடையாது. என் வண்டியில் அதைக் கழற்றிவிட்டு, தடித்த, மாற்றியமைக்கக்கூடிய பார் போட்டேன்.

டிராக்கில் அருமை. பந்தய டயர் போட்டு வளைவுக்குள் நுழையும்போது முன்பக்கம் சாய்ந்து தயங்குவதில்லை, ஸ்டீயரிங் சொன்ன கணமே திரும்புகிறது. பாரின் முனையில் வரிசையாக ஓட்டைகள்; லிங்க்கை (பாரைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் சிறு தண்டு) உள் ஓட்டைக்கு மாற்றினால் விறைப்பு கூடும். ஸ்பேனர் இருந்தால் போதும். விட்டம் பத்து சதவீதம் கூடினாலே விறைப்பு சுமார் 46 சதவீதம் ஏறிவிடும், அதனால் வாங்கும்போது மில்லிமீட்டரைக் கவனியுங்கள்.

இங்கிலாந்தின் நார்ஃபோக் கிராமத்துச் சாலையில் கதை வேறு. இடது சக்கரம் குழியில் இறங்கினால் வலது சக்கரமும் அதிர்கிறது. மழையில் முன்பக்கம் வெளியே வழுக்குகிறது. சாலைக்கு மட்டும் ஓட்டுபவர் பழைய பாரையே வைத்துக்கொண்டு, நல்ல டேம்பருக்கும் (அதிர்வைத் தணிக்கும் பாகம்) சக்கர அலைன்மென்ட்டுக்கும் செலவு செய்யலாம்.

பின்பக்கம் பார் மட்டும் வேண்டவே வேண்டாம். எல்எஸ்டி (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல்) இல்லாத வண்டி இது. பின் பார் வளைவில் உள்சக்கரத்தைத் தூக்கினால், அது வீணாகச் சுழலும்.