நைட்டி தையல் கூடத்தில் நேர ஆய்வு: நெடுநாள் பயன்பாட்டில் தெரிந்தவை

மதுரையில் நைட்டி தைக்கும் சிறு கூடங்களில் பீஸ் ரேட், அதாவது ஒரு உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலி, பெரும்பாலும் பேச்சிலேயே முடிகிறது. யார் குரல் உயர்கிறதோ அவர் பக்கம் சாய்கிறது. ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று வாட்ச் வைத்து அளக்கும் நேர ஆய்வு அந்தப் பேச்சுக்கு ஒரு கணக்கைக் கொடுக்கிறது. அதற்காகவே இதைத் தொடர்ந்து பயன்படுத்தலாம். ஸ்டாப்வாட்ச், கிளிப் வைத்த அட்டை, கோடு போட்ட தாள், கால்குலேட்டர் போதும்.

வாட்ச்சைப் பொறுத்தவரை நிமிடத்தை 100 பாகமாகக் காட்டும் வகைதான் நல்லது. ஒரு பாகம் 0.6 விநாடி. செல்போன் வாட்ச் நிமிடம், விநாடி என்றே காட்டும். 1 நிமிடம் 27 விநாடியை அவசரத்தில் 1.27 என்று எழுதிவிடுவார்கள். சரியான எண் 1.45. பல தாள்கள் வீணாவது இந்த ஒரு இடத்தில்தான்.

வேலையைத் துண்டு துண்டாகப் பிரிப்பது அடுத்தது. நைட்டிக்குக் கை (ஸ்லீவ்) வைத்துத் தைப்பதை எடுத்துக்கொண்டால், துணியை எடுத்துப் பொருத்துவது, தைப்பது, நூல் வெட்டி வைப்பது என்று மூன்று துண்டு. ஒவ்வொன்றும் எங்கே முடிகிறது என்பது கண்ணுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும்: துணி ஊசிக்குக் கீழே போன நொடி, துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபுட்டைத் தூக்கிய நொடி, பீஸ் கையை விட்ட நொடி. பத்து மெஷின் ஓடும் இடத்தில் சத்தத்தை நம்பிப் பிரிக்க முடியாது. 0.04 நிமிடத்துக்கும் குறைவான துண்டைக் கையால் அளக்கவே வேண்டாம். பக்கத்துத் துண்டோடு சேர்த்துவிடுங்கள்.

ஒவ்வொரு துண்டுக்கும் வாட்ச்சைப் பூஜ்யத்துக்குத் திருப்பும் முறை வசதியாகத் தோன்றும். ஆனால் நிறுத்தாமல் ஓடவிட்டுப் படிப்பதுதான் எங்கள் தேர்வு. கழித்தல் கணக்கு கூடும், உண்மைதான். பதிலுக்கு நூல் அறுந்தது, சூப்பர்வைசர் கூப்பிட்டது, கரண்ட் போனது எல்லாம் தாளில் தங்கும். ‘வேண்டாத’ ரீடிங்கை யாரும் விழுங்க முடியாது. முடிவில் துண்டுகளின் கூட்டுத்தொகையைச் சுவர்க்கடிகாரக் கணக்கோடு ஒப்பிட்டு, வித்தியாசம் 2 சதவீதத்தைத் தாண்டினால் அந்தத் தாளைத் தூக்கி வைத்துவிட்டு மறுபடி எடுப்பதே நியாயம்.

இந்த முறையின் பலவீனமான இடம் ரேட்டிங், அதாவது தைப்பவரின் வேகத்துக்கு எண் போடுவது. தேர்ந்த ஒருவர், ஊக்கத்தோடு செய்யும் வேகம் 100. பார்ப்பவர் வேகத்தை அதோடு ஒப்பிட்டு எண் போட வேண்டும். மனிதக் கண் ஒரே நாளில் இதற்குப் பழகாது. பழகுவதற்கு ஒரு நல்ல வழி: சுமையில்லாமல் சமதரையில் மணிக்கு 6.4 கிலோமீட்டர் நடப்பது 100 என்று வைத்திருக்கிறார்கள். மாரியம்மன் தெப்பக்குளத்தைச் சுற்றி நடப்பவர்கள் போகும் பாதையில் 50 மீட்டர் அளந்துகொண்டால், 28 விநாடியில் கடப்பவர் 100, 35 விநாடி எடுப்பவர் 80. முதலில் எண்ணைச் சொல்லிவிட்டுப் பிறகு வாட்ச்சைப் பாருங்கள். தையலிலும் அதே ஒழுங்கு: ரீடிங்கைப் பார்த்தபின் போடும் ரேட்டிங் பொய்யாகிவிடும்.

ரேட்டிங் கணக்கை எவ்வளவு ஆட்டிவைக்கும் என்பதற்கு ஒரு மாதிரிக் கணக்கு. ஒரு நைட்டிக்கு இரண்டு கையும் வைக்க மூன்று துண்டும் சேர்ந்து சராசரி 0.18, 0.46, 0.08, ஆக 0.72 நிமிடம். ரேட்டிங் 90 என்றால் அதை 0.90ஆல் பெருக்கி 0.648. 20 பீஸ் பண்டலை அவிழ்த்துக் கட்ட 0.60 நிமிடம், பீஸுக்கு 0.03. ஐம்பது பீஸுக்கு ஒரு முறை பாபின் (அடிநூல் சுற்றிய உருளை) மாற்ற 0.60, பீஸுக்கு 0.012. மொத்தம் 0.69. ஓய்வுக்கும் தடங்கலுக்கும் கூட்டிக் கொடுக்கும் நேரமான அலவன்ஸ் 15 சதவீதம் சேர்த்தால் 0.79, மணிக்குச் சுமார் 75 பீஸ். அதே ரீடிங்குக்கு ரேட்டிங்கை 105 என்று போட்டால் மணிக்கு 65தான் வரும். பத்து பீஸ் வித்தியாசம் ஒருவருடைய வாரக்கூலியில் இறங்குகிறது. அதனால் இரண்டு பேர் தனித்தனியாக ரேட்டிங் போட்டு ஒப்பிடாமல் கூலி பேசவே கூடாது.

அந்த 15 எங்கிருந்து வந்தது? பெண்களுக்குச் சொந்தத் தேவைக்கு 7, அடிப்படைக் களைப்புக்கு 4 என்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் (ILO) கையேட்டு வழக்கம். மீதி 4 நூல் அறுவது போன்ற சில்லறைத் தடங்கலுக்கும் சாதாரண வெக்கைக்கும். தகரக்கூரைக்குக் கீழே கத்திரி வெயிலில் இது போதாது; மார்கழியில் எடுத்த தாளை வைத்துச் சித்திரையில் டார்கெட் போடுவது அநியாயம். டீ நேரத்தை வேலை நேரத்திலிருந்து கழித்துவிட்டால் அதையே அலவன்ஸிலும் சேர்க்கக் கூடாது. இங்கே இரட்டைக் கணக்கு அடிக்கடி நுழைகிறது.

எத்தனை ரீடிங் வேண்டும்? முதலில் 10 எடுத்து, திட்ட விலக்கத்தை (ரீடிங்குகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு) சராசரியால் வகுத்து, 40ஆல் பெருக்கி, வர்க்கப்படுத்துங்கள்; வருவதே வேண்டிய எண்ணிக்கை. விலக்கம் சராசரியில் 10 சதவீதம் என்றால் 16, 20 சதவீதம் என்றால் 64. 64 கேட்டால் ரீடிங்கைக் கூட்டுவதற்கு முன்னால் கட்டிங்கைப் பாருங்கள். அளவு பிசகிய துணியை இழுத்துப் பொருத்துவதில்தான் நேரம் அலைபாயும்.

தைப்பவரின் பக்கவாட்டில் சற்றுப் பின்னால், இரண்டு மீட்டர் தள்ளி, அவர் பார்க்கும்படி நில்லுங்கள். ‘அக்கா, கை வைக்கிற வேலையை அளக்கிறோம், இதோ தாள்’ என்று முதலிலேயே காட்டிவிட வேண்டும். ஒளிந்து எடுத்த வீடியோ வேண்டாம். தாளின் தலைப்பில் மெஷின், துணி, பண்டல் அளவு, தேதி நான்கும் இருக்கட்டும். இவற்றில் மெஷினோ துணியோ பண்டலோ மாறினால் அந்த நேரம் செல்லாது, புதிதாக அளக்க வேண்டும்.