வீட் மேட் வாங்கப் போறீங்களா? 7,400 ரூபாய்க்குக் கிடைத்தது கறுப்புத் தூள்

"நூறு ஜிஎஸ்எம் சார். அஞ்சு வருஷம் வெயில்ல கிடந்தாலும் ஒண்ணும் ஆகாது." இந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் 7,400 ரூபாய் போனது. வீட் மேட் என்றால் களை முளைக்காமல் மண்மேல் விரிக்கிற, பிளாஸ்டிக் பட்டைகளால் நெய்த விரிப்பு. மார்ச் முதல் வாரம் விரித்தது. ஜூன் கடைசியில் மேலே கால் வைத்தால் கிழிகிறது, விரலால் தேய்த்தால் தூளாக உதிர்கிறது.

கடைப் பெயர் எழுதவில்லை. சொட்டுநீர்க் குழாய், நிழல்வலை, உரம் எல்லாம் விற்கும் கடை, அவ்வளவுதான். 2 மீட்டர் அகலம், 50 மீட்டர் நீளத்தில் ஒரு ரோல் வீட் மேட் 3,900. பாத்தி ஓரத்தில் புல் புகாமல் மண்ணில் பதிக்கும் பிளாஸ்டிக் எட்ஜிங் 30 மீட்டர் 2,700. இவற்றை மண்ணோடு பிடித்து வைக்கும் யூ பின் 200 எண்ணம் 800.

ஏமாந்த இடம் எதுவென்று இப்போது நன்றாகவே தெரிகிறது. கவுண்டரில் சாம்பிளாக ஒரு துண்டு கிடந்தது. தடிமனாக, நெருக்கமான நெசவு, இழுத்தாலும் பட்டை விலகவில்லை. அதைத் தடவிப் பார்த்தாயிற்று, திருப்தி. ரோல் மட்டும் கவர் ஒட்டியபடி குடோனிலிருந்து வந்தது. தூக்கும்போதே லேசாக இருந்தது. அதையும் கடைக்காரர் நல்ல குணமாக்கிவிட்டார்: "வெயிட்டே இல்ல பாருங்க, ஒரே ஆள் விரிச்சிடலாம்." அங்கேயே உறைத்திருக்க வேண்டும். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டரின் கிராம் எடை, வேறொன்றுமில்லை. 100 சதுர மீட்டர் ரோல், 100 ஜிஎஸ்எம் என்றால் தராசில் 10 கிலோ காட்ட வேண்டும். மிச்சத்தில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் வெட்டிச் சமையலறைத் தராசில் வைத்தால் 58 கிராம். அதாவது மொத்த ரோலே 6 கிலோகூடத் தேறாது.

எடை குறைந்தால் என்ன ஆகும் என்பதைக் கோரைப்புல் காட்டிவிட்டது. அதன் முளை ஊசி மாதிரி. நெசவு தளர்ந்திருந்தால் பட்டைகளை விலக்கிக்கொண்டு மேலே வந்துவிடும். நல்ல விரிப்பிலும் அங்கொன்று இங்கொன்று எட்டிப் பார்க்கும்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இதில் கைக்குக் கை இடம் விடாமல் வந்தது. மேலே பிடுங்கினால் கிழங்கு அடியிலேயே நின்று மறுபடி முளைக்கிறது. விரிப்பு நெய்யும் பிளாஸ்டிக் பாலிபுரொப்பிலீன். வெயிலைத் தாங்க வைக்கும் யுவி சேர்மானம் சேர்க்காவிட்டால் அதற்கு நம் ஊர் சித்திரை வெயில் ஒன்றே போதும்.

எட்ஜிங் இன்னும் மோசம். 5 அங்குலம் என்று சொல்லிக் கொடுத்தது, மேல் உருளையையும் சேர்த்து அளந்தால் 4. மண்ணுக்குள் இறங்குவது இரண்டரைதான். அறுகு மண்ணுக்கு அடியிலும் ஓடும், மேலேயும் ஓடும். இரண்டரை அங்குலச் சுவரின் கீழே புகுந்து வர அதற்கு ஒரு மழை போதும். பின் அடித்த ஓட்டைகளில் எல்லாம் விரிசல். பழைய பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றியது போலிருக்கிறது. பின்கள் வெறும் கட்டுக்கம்பி, செம்மண்ணில் பாதியில் வளைந்தன.

கேட்டால் என்ன பதில்? முதலில் "போட்டோ அனுப்புங்க". அனுப்பினால் நீல டிக் விழுந்தது, பதிலில்லை. நேரில் போனால் "கம்பெனில பேசுறேன்". அடுத்த முறை "வெட்டி விரிச்சிட்டீங்களே, ரிட்டர்ன் எடுக்க மாட்டாங்க". கடைசியாக வந்ததுதான் உச்சம்: "நேரா வெயில் பட்டா அப்படித்தான் சார் ஆகும்." பாத்தியில் போடுவதை வேறு எங்கே போடுவது, பீரோவிலா? நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் சொல்லலாமென்றால் கையில் இருப்பது ஜிஎஸ்டி பில் இல்லை, "ஷீட் 1, பார்டர் 30" என்று கிறுக்கிய எஸ்டிமேட் சீட்டு. 7,400 ரூபாய்க்கு அந்தச் சீட்டுதான் சாட்சி.

எதைத் தேர்ந்தெடுப்பது, எப்படி விரிப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தது. இருக்கிற ஆத்திரத்தில் இவ்வளவுதான் வருகிறது. ரோலைக் கடைத் தராசிலேயே ஏற்றுங்கள், நீளம், அகலம், ஜிஎஸ்எம் மூன்றையும் பெருக்கி எடையோடு ஒப்பிடுங்கள். ஜிஎஸ்எம், யுவி இரண்டையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள், எழுத மறுத்தால் வாங்காதீர்கள். விரிக்கும் முன் கோரைக் கிழங்கைக் கொத்தி எடுங்கள். இணைப்பில் அரை அடியாவது ஒன்றன்மேல் ஒன்று ஏறட்டும். வெட்டிய ஓரத்தைச் சூடான கத்தியால் தீய்த்துவிடுங்கள், இல்லையென்றால் நூல் பிரியும். எட்ஜிங் மண்ணுக்குள் 4 அங்குலமாவது இறங்கணும். ஒரு பருவக் காய்கறிக்கு என்றால் வீட் மேட்டே வேண்டாம், மண்ணை மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாளான 25 மைக்ரான் மல்ச்சிங் ஷீட் போதும்.

கிழிந்ததை அப்படியே விட்டுவிடாதீர்கள், பட்டை பட்டையாக மண்ணில் கலந்துவிடும். இங்கே இன்னும் பொறுக்கி முடியவில்லை. நேற்று அந்தப் பக்கம் போனபோது பார்த்தால், கவுண்டரில் அதே தடிமனான சாம்பிள் துண்டு கிடக்கிறது.